ஃபேன் நிற்கும் நேரம்

மாலை ஆறேகாலுக்கு
எங்கள் வீட்டில் ஃபேன் நிற்கும்.
மே மாதம். ஆன்டாப் ஹில்.
பத்துக்குப் பன்னிரண்டு அறை,
நாலு பேர், ஒரு பீரோ, ஒரு தையல் மெஷின்.

சன்னலைச் சாத்திக் கொக்கி மாட்டி,
பீரோக் கண்ணாடிக்குப் பழைய போர்வை போர்த்தி
(இல்லையென்றால் இன்னொரு அறை இருப்பதாக நம்பி
நேராகப் போய் மோதும்),
அடுப்பை அணைத்து, தண்ணீர் டிரம்மை மூடி,
பெனிட்டா ஒரு தடவை, நான் ஒரு தடவை
சுவிட்சைத் தொட்டுப் பார்த்த பிறகுதான்
கூண்டுக் கதவு திறக்கும்.

பட்டாணி உடனே வராது.
வாசலில் நின்று எட்டிப் பார்க்கும்,
தாதர் வந்தும் இறங்கத் தெரியாத
ஊர்க்காரர் மாதிரி.
பிறகு ஒரே வீச்சு.
பச்சையாக எதையோ யாரோ எறிந்ததுபோல.

வாங்கிய அன்று கிராஃபோர்டு மார்க்கெட்காரன்
உள்ளங்கை அகலக் கண்ணாடி ஒன்று
இலவசமாகக் கொடுத்தான்.
மாட்டிவிட்டால் போதும்,
தனியாக இருப்பதே அதற்குத் தெரியாது என்றான்.
பத்து நாள்
கண்ணாடிக்குள் இருந்த குருவிக்கு
தன் தொண்டையிலிருந்து தினையைக் கக்கி ஊட்டியது.
கண்ணாடியெல்லாம் எச்சில் தினை.
எதிரில் இருந்தது
ஒன்றைக்கூட விழுங்கவில்லை.

பதினோராம் நாள் கழற்றி
ஊசி டப்பாவுக்குள் போட்டேன்.
அன்று முழுக்க என் பக்கம் திரும்பவில்லை.
மறுநாள் மெஷினின் கடகடப்புக்குப்
பதில் சொல்லத் தொடங்கியது.
இப்போது புடவைக்கு ஃபால் அடிக்கும்போது
நூல் கோக்க நிறுத்தினால்
திட்டுகிறது.

கொசுவத்தி போயிற்று, வலை வந்தது.
காய்ந்த நான்ஸ்டிக் கல்லின் புகை
குருவிக்கு ஆகாதென்று பரேல் டாக்டர் சொன்னதில்
என் தோசைக்கல் கீழ்வீட்டு வசுதா தாயிக்குப் போனது.
இரும்புக் கல்லில் முதல் மூன்று தோசையும் பிய்ந்தன.
பிய்ந்ததைத் தின்றுவிட்டு வீட்டுக்காரர்,
"இந்த வீட்டில் ராஜா யாரென்று தெரிந்துவிட்டது" என்றார்.

நேற்று ராஜா
ஃபேன் இறக்கையில் போய் உட்கார்ந்தது.

அலகால் தூசியைத் தட்டியது.
இறகு கோதியது.
ஒரு காலை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு
பந்தாகி
தூங்கிப்போனது.

ஏழு மணி. ஏழரை.
தினைக்கதிரை ஆட்டிக் காட்டினேன்.
ஜெரின் கொத்தமல்லிக் கட்டோடு ஸ்டூலில் ஏறினான்.
கீழே விழுந்தது கொத்தமல்லி மட்டும்.

எட்டு மணிக்கு டிப்போவிலிருந்து வந்த மனிதர்
செருப்பைக் கழற்றும் முன்பே
பழக்கத்தில் கையைச் சுவிட்சுக்குக் கொண்டுபோனார்.
மூன்று பேரும் கத்திய கத்தலில்
பக்கத்து வீட்டு சீரியல் நின்றது.
கை அந்தரத்தில்.
மேலே ஒரு கண் திறந்து
மூடிக்கொண்டது.

அவர் ஒன்றும் பேசவில்லை.
இன்சுலேஷன் டேப் தேடி எடுத்து
சுவிட்சின் மேல் குறுக்காக ஒட்டினார்.
காக்கிச் சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு
வெறும் தரையில் சாய்ந்தார்.
போன வருடக் காலண்டர் அட்டையால்
கொஞ்சம் அவர் வீசினார், கொஞ்சம் நான்.

ஃபேன் இரைச்சல் இல்லாத அறையில்
மெதுவாகச் சொன்னாலும் கேட்டுவிடுகிறது.
"மலாட் டிப்போவுக்கு மாற்றிவிட்டார்கள்," என்றார்,
கூரையைப் பார்த்துக்கொண்டு.
"எப்போதிலிருந்து?"
"ஆர்டர் வந்து இருபது நாளாச்சு."

காலண்டர் அட்டை என் கையில் இருந்தது.
வீசினேனா நிறுத்தினேனா, நினைவில்லை.
பெனிட்டா புத்தகத்தில் பக்கம் திருப்பவில்லை.
எல்லார் முதுகிலும் வேர்வை
ஒரே வேகத்தில் இறங்கியது.

ஒன்பது பத்துக்கு
யாரும் கூப்பிடாமல் இறங்கி வந்து
கூண்டுக்குள் போய்
தண்ணீர் குடித்தது.

டேப்பை உரித்து ஃபேனைப் போட்டோம்.
இறக்கையில் அது விட்டுவைத்த எச்சம்
சுற்றி வந்து
காக்கிச் சட்டையின் பையில் விழுந்தது.
ஜெரின் முதலில் சிரித்தான்.
அப்புறம் அவர்.

எனக்குச் சிரிப்பு வர நேரமானது.
அதற்குள் கூண்டிலிருந்து கடகடகடவென்று
மெஷின் ஓடும் சத்தம்.
நான் பாதியில் விட்ட ஃபாலை
அது அடித்துக்கொண்டிருந்தது.